தொடக்கப்பள்ளிச் சீரமைப்பும் சமன்மையும்: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தொடக்கப்பள்ளி ஒன்று சீர்பெறுதல் என்பது யாது? கட்டடம் எழுதலும், கரும்பலகையும் இருக்கையும் நூலும் நிரம்புதலும் சீர்பெறுதல் ஆகுமா? அன்றி, அவ்வூரில் பிறந்த குழந்தை ஒன்றும் பள்ளிக்குப் புறத்தே நில்லாதபடி செய்தல் சீர்பெறுதல் ஆகுமா? இவ்விரண்டும் ஒன்றே என்று கருதுவார் பலர். ஒன்று நிறைவேறின் மற்றொன்று தானே பின்வரும் என்பாரும் உளர். வரலாற்றை ஊன்றி நோக்கின், இவை இருவேறு செயல்கள் என்பதும், ஒன்று மற்றொன்றைத் தானே கொணர்வதில்லை என்பதும் புலனாகும். இவற்றை முறையே சீரமைப்பு என்றும் சமன்மை என்றும் ஈண்டுக் குறிப்போம். சமன்மையாவது அனைவர்க்கும் ஒரே அளவாகப் பங்கிடுதல் அன்று. குறைந்தார்க்கு அவர்தம் குறையின் அளவறிந்து நிரப்புதல் ஆகும்.

இப்பொருளை ஆராய்தற்குச் சங்கரன்கோவில் வட்டாரத்தை நிலைக்களமாகக் கொள்கிறோம். நெல்லைச் சீமையின் வடபகுதியாகிய இவ்வட்டாரம், 2019ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதன்கண் சேர்ந்தது. வானம் பார்த்த புன்செய்யும், விசைத்தறியும், மல்லிகைச் சந்தையும் இவ்வூரார்க்கு வாழ்வளிப்பன. சிவனும் திருமாலும் ஓருருவாய்ச் சங்கரநாராயணராக விளங்கும் திருக்கோயிலும், ஆடித்தபசு விழாவும் இவ்வூரைத் தமிழகம் எங்கும் அறிமுகம் செய்தன. இவ்வட்டாரத்தையும் இதனைச் சூழ்ந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தையும் விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியின் வரலாற்றை எழுதுதல் இயலாது. அதன் காரணம் போகப்போக விளங்கும்.

2. பள்ளி என்னும் சொல்லும் பழைய கல்வியும்

கல்வி கற்பிக்கும் இடத்தைப் பள்ளி என்று வழங்குகிறோம். அச்சொல்லின் பழம்பொருள் துறவோர் உறையுள் என்பதாம். மலைக்குகைகளிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. சமண முனிவர் உறைந்த இடம் கற்பிக்கும் இடமாகவும் விளங்கியமையால், இடத்தின் பெயர் தொழிலுக்கு ஆயிற்று.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே அண்மையிலுள்ள கழுகுமலையில், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சமணச் சிற்பங்களும் அவற்றின்கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. படிமங்களைச் செய்வித்தோர் இன்ன ஆசிரியரின் மாணாக்கர் என்று அவற்றில் குறிக்கப்பெறுகின்றனர். குரவர் என்னும் ஆண்பால் ஆசிரியரேயன்றிக் குரத்தியர் என்னும் பெண்பால் ஆசிரியரும் அங்குக் காணப்படுகின்றனர். பெண்டிர் ஆசிரியராக அமர்ந்து கற்பித்தமையை ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே கல்லில் பொறித்துவைத்த நிலம் இது என்பது மறக்கற்பாலது அன்று.

இடைக்காலத்துக்கு வருவோம். தென்காசிப் பாண்டியருள் ஒருவராகிய அதிவீரராம பாண்டியர் இயற்றிய வெற்றிவேற்கை, நறுந்தொகை எனவும் பெயர்பெற்று, திண்ணைப்பள்ளிகளில் சிறுவர் மனப்பாடம் செய்யும் நூலாக நெடுங்காலம் நிலவியது. அவர்தம் உறவினராகிய வரதுங்கராம பாண்டியர், சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர் இறைவன்மீது அந்தாதிகள் பாடியவர். பிறந்த குடி எதுவாயினும் கற்றவரே மேலிடத்துக்கு உரியர் என்பதும், வறுமை கல்விக்குத் தடையாதல் கூடாது என்பதும் வெற்றிவேற்கை வற்புறுத்தும் கருத்துகளாம். சங்க காலத்துப் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்றுப் பாட்டும் (183) இக்கருத்தினதே. ஆசிரியர்க்கு உற்றவிடத்து உதவுதலையும் மிகுந்த பொருள் கொடுத்தலையும் அப்பாட்டு முதற்கண் கூறும். கற்றார்க்குப் பிறப்பு வேற்றுமை இன்று என்பதைப் பின்னர்க் கூறும். பள்ளிக்கு வேண்டும் பொருளும், பள்ளியில் நிலவ வேண்டிய சமன்மையும் ஒரே பாட்டில் இணைந்து நிற்றல் ஈண்டுக் கருதற்பாலது.

ஆயின், நூலில் நின்ற கருத்து திண்ணையில் நின்றதா என்பதே வினா.

3. திண்ணைப்பள்ளியின் இயல்பு

சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளையும் பயில்வோரையும் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். கலெக்டர்கள் அனுப்பிய விடைகளைத் தொகுத்து 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ 1,88,000 பேர் பயின்றனர். ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி என்னும் அளவு இது. அதற்குச் சில காலம் முன்வரை ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் இருந்த நிலையினும் இந்நிலை மேலானது என மன்றோவே ஒப்புகின்றார்.

இவ்வறிக்கைகளை 1983ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட தரம்பால், தமிழ் மாவட்டங்களில் பயின்றோருள் பெரும்பாலோர் பிராமணர் அல்லாதார் என்பதை எடுத்துக்காட்டினார். பழந்தமிழ்நாட்டில் கல்வி ஒரு குலத்தாரின் தனியுடைமையாக இருந்தது என்னும் கருத்து இதனால் தளர்ந்தது. இது ஏற்கத்தக்கதே. ஆயினும் அதே அறிக்கைகள் வேறோர் உண்மையையும் உரைக்கின்றன. பயின்ற பெண்களின் தொகை மிகமிகச் சிறிது. சேரியில் வாழ்ந்தோரின் பிள்ளைகள் தனிப்பகுப்பாகக் காட்டப்பெறவே இல்லை.  எண்ணப்பட்டவர் பலர் என்பது கொண்டு எண்ணப்படாதவர் இலர் என்று முடிவு செய்தல் தவறு.

திண்ணைப்பள்ளி ஊராரின் கொடையால் நடந்தது. ஆசிரியர்க்கு மாதந்தோறும் சிறுபணமும், அறுவடைக் காலத்தில் நெல்லும், நாள்விழாக்களில் துணியும் கிடைத்தன. அரசின் உதவியின்றிப் பல்லாயிரம் பள்ளிகளை ஊரே தாங்கியமை பெருமைக்கு உரியது. ஆனால் எவர் தாங்கினரோ அவர்தம் பிள்ளைகளே பயின்றனர். திண்ணை ஒருவரது வீட்டின் பகுதி. அவ்வீட்டின் திண்ணையில் ஏறத் தகுதியுடையோர் என்று ஊர் கருதியவரே அங்கே ஏறினர். கொடையின் வலிமையும் அதன் குறையும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன.

4. மானிய முறையும் அதன் விளைவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி மாவட்டத்தில் கிறித்தவ மறைத்தொண்டர் நிறுவிய பள்ளிகள் பெருகின. 1820ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுசும், 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெலும் சிற்றூர்தோறும் பள்ளி அமைத்தலைத் தம் பணியின் ஒரு கூறாகக் கொண்டனர். 1854 முதல் சிவகாசியை நடுவிடமாகக் கொண்டு இராக்லாந்து என்பார் வட நெல்லைப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று பணிபுரிந்தார். பெண்களும், கீழ்நிலையில் வைக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளும் ஏட்டைக் கையில் ஏந்துதற்கு இப்பள்ளிகள் வழிசெய்தன என்பதை எச்சமயத்தாரும் மறுப்பதில்லை.

அதே 1854ஆம் ஆண்டில் வெளிவந்த சர் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, உதவிமானியம் என்னும் முறையை இந்தியாவிற்குக் கொணர்ந்தது. ஊராரோ ஒரு நிறுவனமோ முதற்கண் பொருள் திரட்டிப் பள்ளி நடத்தின், அரசு அதற்குத் துணையாகப் பொருள் வழங்கும் என்பது அம்முறையின் அடிப்படை. தனியார் முயற்சியை இது வளர்த்தது. ஆனால் பொருள் திரட்ட இயலாத ஊருக்கு அரசின் பொருளும் கிட்டாது என்பது இதனுள் மறைந்து கிடந்த விளைவாகும். இல்லாதவர்க்கு ஈதல் உலகியல் அறம். இருப்பவர்க்கு மேலும் ஈதல் இம்மானியத்தின் இயல்பாயிற்று.

பின்னர்ச் சென்னை மாகாணத்தில், தேர்வில் வென்ற மாணவர் தொகைக்கேற்ப மானியம் வழங்கும் முறையும் சில பதிற்றாண்டுகள் நடைமுறையில் இருந்தது. நாள்தோறும் வருவதற்கு இயலாத பிள்ளை, பசியால் சோர்ந்த பிள்ளை, வீட்டில் எழுத்தறிந்தார் எவரும் இல்லாத பிள்ளை ஆகியோர் இம்முறையில் ஆசிரியர்க்குச் சுமையாயினர். தம் ஊதியத்தைக் குறைக்கும் பிள்ளையை ஆசிரியர் விரும்பி வரவேற்பார் என்று எதிர்பார்த்தல் இயலுமா? முறை பழுதாயின், நல்லாசிரியரும் அப்பழுதுக்கு உடன்படும் நிலை நேர்கிறது.

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இந்நிலையை மாற்ற முனைந்தது. உள்ளாட்சி மன்றங்கள் கல்விவரி விதிக்கவும், கட்டாயக் கல்வியைப் புகுத்தவும் அது வழிசெய்தது. விரும்பி அளிக்கும் கொடையின் இடத்தில், யாவரும் செலுத்தும் வரி வந்தது. இது கொள்கையளவில் பெருமாற்றம் எனலாம். எனினும் பள்ளி நடந்த இடம் கோயில் மண்டபமாகவோ அக்கிரகாரமாகவோ ஊர்ச்சாவடியாகவோ இருந்தவரை, சட்டம் திறந்த கதவை வழக்கம் அடைத்தது. எனவே ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நலத்துக்கென அரசு அமைத்த தொழிலாளர் துறை, அவர்தம் குடியிருப்புகளில் தனிப்பள்ளிகளைத் திறந்தது. பிற்காலத்து ஆதிதிராவிடர் நலப்பள்ளிகளின் தோற்றுவாய் இதுவே. கல்வி கிட்டியது, ஆனால் பிரிவும் உடன் நின்றது.

5. பிடியரிசியும் பகலுணவும்

1910ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை விருதுநகர்ப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கு 1889ஆம் ஆண்டில் நாடார் சமூகத்தார் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வணிகர் தம் சரக்குக்கேற்ப அளித்த மகமையும், வீடுதோறும் சோறு சமைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக் கலத்தில் இட்டுவைத்து அளித்த பிடியரிசியும் அப்பள்ளிக்கு முதலாயின. கோயில் நுழைவும் பொதுவழியும் மறுக்கப்பட்ட ஒரு சமூகம், தன் கைப்பிடி அரிசியால் பள்ளி எழுப்பியது. எழுப்பிய பள்ளியைத் தனக்கே என்று வைத்துக்கொள்ளாது பிற குலத்தார்க்கும் திறந்துவிட்டது. திண்ணைப்பள்ளியின் கொடைக்கும் இக்கொடைக்கும் உள்ள வேற்றுமை இதுவேயாம்.

அப்பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவர் காமராசர். அவர் 1954ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதலமைச்சர் பொறுப்பேற்றார். அதற்கு முந்திய ஆண்டில் இராசாசி அமைச்சரவை, தொடக்கப்பள்ளியின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு ஒரு திட்டத்தைக் கொணர்ந்திருந்தது. ஒரே கட்டடத்தில் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அதன் ஆதரவாளர் கூறிய காரணம். சீரமைப்பு நோக்கில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். சமன்மை நோக்கில், தந்தையின் தொழிலே மகனுக்கு என்று விதிப்பதாக அது முடிந்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 1954இல் அது கைவிடப்பட்டது.

பசியோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அறிந்த காமராசர், 1956ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எட்டயபுரமும் அன்று திருநெல்வேலி மாவட்டத்து ஊரே. சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டில் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் சிற்றுணவு வழங்கிய முன்மாதிரி இதற்கு இருந்தது. ஆயின் அது ஒரு நகரத்து ஏற்பாடு; சிற்றூர்களைத் தழுவிய இயக்கமாக அது வளரவில்லை.

தொடக்கத்தில் பகலுணவு முற்றிலும் ஊராரின் கொடையால் நடைபெற்றது. வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் விறகும் திரட்டப்பட்டன. பிடியரிசி புதுவடிவம் கொண்டது என்னலாம். 1957ஆம் ஆண்டு நவம்பர் முதல் அரசு மானியம் வந்தது. ஓர் உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை ஊரும் ஏற்குமாறு வகுக்கப்பட்டது. 1854ஆம் ஆண்டின் மானியக் கொள்கையே இங்கும் தொடர்ந்தது. ஆனால் பெரும்பங்கை அரசு ஏற்றமையால் அதன் கடுமை தணிந்தது.

பகலுணவில் பொருளினும் பெரிதாகிய ஒன்று உண்டு. கரும்பலகையைப் பிள்ளைகள் தனித்தனியே அமர்ந்தும் நோக்கலாம். உணவையோ ஒரு பந்தியில் அமர்ந்து, ஒருவர் சமைத்ததை அனைவரும் உண்ண வேண்டும். உடனுண்ணலை மறுப்பதையே சாதி தன் எல்லைக்கோடாகக் கொண்ட நாட்டில், பள்ளிப்பந்தி அக்கோட்டை நாள்தோறும் அழித்தது. சீரமைப்பும் சமன்மையும் ஒன்றாகிய இடம் எதுவெனின், பகலுணவுப் பந்தியே என்று துணிந்து கூறலாம்.

6. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்

பகலுணவில் கண்ட மக்கள் ஊக்கத்தைப் பள்ளியின் பிற தேவைகளுக்கும் திருப்பியவர் அந்நாளைய பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஆவார். 1958ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பின்னர் மாவட்டந்தோறும் மாநாடுகள் பல நிகழ்ந்தன.

இம்மாநாடுகளின் நடைமுறை எளியது. மாநாட்டுக்கு முன்னரே ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியரும் ஊராரும் கூடி, தம் பள்ளியின் தேவைகளைப் பட்டியலிடுவர். கட்டடத்துக்கு ஓடு, வகுப்புக்குக் கரும்பலகை, குடிநீர்ப் பானை, கடிகாரம், வேலி, விளையாட்டுப் பொருள், நூல், சமையற்கலம், ஏழைப்பிள்ளைக்குச் சீருடை என அப்பட்டியல் விரியும். எதனை எவர் அளிப்பர் என்பது அடுத்துத் தீர்மானிக்கப்படும். பணம் இல்லாதவர் உழைப்பை அளிப்பர். மாநாட்டு நாளில் அறிவிப்பும் பொருட்காட்சியும் நிகழும். அமைச்சரும் அதிகாரிகளும் பாராட்டுவர்.

இதன் சிறப்பு, திட்டம் மேலிருந்து வரவில்லை என்பதாம். தலைநகரில் அமர்ந்து ஒரே பட்டியலை அனைத்துப் பள்ளிகட்கும் அனுப்பாது, அந்தந்தப் பள்ளியே தன் குறையை உரைக்குமாறு செய்தமை புதுமையானது. பள்ளி அரசினது என்று ஒதுங்கிநின்ற ஊரார், பள்ளி நமது என்று நெருங்கினர். 1964ஆம் ஆண்டில் டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்து 1966ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த கல்விக்குழு, ஒவ்வொரு கல்விநிலையமும் தனக்கெனத் திட்டம் வகுத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அக்குழுவின் செயலாளராகிய ஜே. பி. நாயக், நிறுவனத் திட்டமிடல் என்னும் பெயரால் இக்கருத்தை நாடெங்கும் பரப்பினார். அவ்வகைத் திட்டமிடலுக்குத் தமிழகத்துச் சிற்றூர்ப் பள்ளிகள் முன்னரே வழிகாட்டியிருந்தன.

ஆசிரியர் நலனும் இக்காலத்தே கருதப்பட்டது. 1955ஆம் ஆண்டில் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கும் ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மும்மை நலன்கள் அளிக்கப்பட்டன. அரசுப்பள்ளி ஆசிரியர் ஒருவகை, பிற பள்ளி ஆசிரியர் வேறுவகை என்னும் இடைவெளி இதனால் குறைந்தது.

7. இருவகைப் பட்டியல்

இவ்வியக்கத்தின் பெருமையை ஏற்றுக்கொண்டு, அதன் குறையையும் ஆராய்தல் வரலாற்றாசிரியர் கடன். கொடை ஊரின் வளத்தைப் பின்பற்றும். ஆற்றுப்பாசனம் உடைய ஊர், வணிகர் வாழும் ஊர், வெளிநாடு சென்று பொருளீட்டியோர் உள்ள ஊர் ஆகியன எளிதில் பட்டியலை நிரப்பின. மழை பொய்த்தால் வாழ்வு பொய்க்கும் கரிசற்காட்டுச் சிற்றூருக்கு அது எளிதன்று. ஓர் ஊருக்குள்ளும் இவ்வேற்றுமை உண்டு. ஊர்நடுவிலுள்ள பள்ளிக்குக் கொடை மிகும். ஊர்ப்புறத்துக் குடியிருப்பிலுள்ள பள்ளிக்குக் குறையும். ஆக, எங்குத் தேவை மிகுதியோ அங்குக் கொடை குறைவு என்பதே கொடையின் இலக்கணம் ஆயிற்று.

மற்றொன்றும் கூறவேண்டும். அப்பட்டியல் 'பள்ளிக்கு எப்பொருள் இல்லை?' என்று வினவியது. 'பள்ளியில் எக்குழந்தை இல்லை?' என்று வினவும் பட்டியல் வேறு. முதற்பட்டியலைக் கொடையாளர் நிரப்பலாம். நிரப்பியவர் பெயரைச் சுவரில் எழுதலாம். இரண்டாம் பட்டியலை நிரப்புதற்குச் சட்டமும், நாள்தோறும் பிள்ளைகளின் வரவை நோக்கும் ஆசிரியரும், ஊரின் மனமாற்றமும் வேண்டும். அதற்குக் கல்வெட்டு வைப்பார் எவரும் இலர்.

இவ்விரண்டாம் பட்டியலைக் காமராசர் காலத்து அரசு அறியாதிருக்கவில்லை. சிற்றூர்ப் பிள்ளை நடந்து செல்லும் தொலைவுக்குள் பள்ளி அமைத்தல், ஓராசிரியர் பள்ளிகளைத் திறத்தல், ஏழை மாணவர்க்குக் கட்டண விலக்கு ஆகிய செயல்கள் அதன்பாற்பட்டன. ஆகவே அக்காலத்து வெற்றியை மாநாடுகளுக்கு மட்டும் உரியதாகக் கூறுதல் பொருந்தாது. ஊரின் கொடையும் அரசின் கடமையும் ஒருங்கே இயங்கியமையே அவ்வெற்றியின் காரணம் என்பது நம் கருத்து.

8. கொடையிலிருந்து உரிமைக்கு

பிற்கால வரலாறு கொடையின் பங்கு குறைந்து உரிமையின் பங்கு வளர்ந்த வரலாறாகும். 1960ஆம் ஆண்டு முதல் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்து, சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டத்தைச் சிற்றூர்களில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கியது. ஊர் நான்கு காசு திரட்டினால்தான் பிள்ளைக்குச் சோறு என்னும் நிலை அத்துடன் மாறியது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, 2023ஆம் ஆண்டு ஆகத்து 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. மல்லிகை மொட்டு விடியுமுன் பறிக்கப்படுவது. அதனைப் பறிக்கச் செல்லும் தாய் அடுப்பு மூட்டுவது எப்போது? சங்கரன்கோவில் போன்ற பூச்சந்தை ஊர்களில் காலை உணவின் பொருளை அறிய இவ்வொரு வினா போதும்.

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதன்வழி 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன. பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டும். சரிபாதியினர் பெண்டிராதல் வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோர்க்கு அவர்தம் அளவுக்கேற்ற இடம் வேண்டும். அக்குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுத்தல் வேண்டும். அத்திட்டமே அரசு வழங்கும் மானியத்துக்கு அடிப்படையாதல் வேண்டும்.

1854, 1958, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளையும் ஒப்பிட்டு நோக்குவோம். முதலாவதில் ஊரின் பொருளே அரசு மானியத்துக்கு அளவுகோல். இரண்டாவதில் பள்ளியின் தேவை பட்டியலாயிற்று. ஆயினும் கொடையாளரின் மனமே அதற்கு விடை. மூன்றாவதில் தேவையே மானியத்துக்கு அளவுகோல் என்று சட்டம் கூறுகிறது. பட்டியலிடும் இடத்தில் கொடையாளர் அமர்ந்த நிலை மாறி, அப்பள்ளியில் பயிலும் பிள்ளையின் தாய் அமர்கிறாள். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் இக்குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டன. சட்டத்தின் சொல் செயலாக வேண்டுமாயின், தறிக்கூடத்தில் ஒருநாள் கூலியை இழந்து கூட்டத்துக்கு வரும் தாயின் சொல் ஏட்டில் ஏறவேண்டும்; அவர் கைந்நாட்டு மட்டும் ஏறுதல் போதாது.

9. பள்ளி வாயிலுக்கு அப்பால்

இவ்வளவும் நிறைவேறிய பின்னரும் எஞ்சுவது ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளம் என்னும் சிற்றூரில், தின்பண்டம் வாங்கச் சென்ற பட்டியலினப் பள்ளிச் சிறுவர்க்கு அதனை விற்க முடியாது என்றும், இது ஊர்க்கட்டுப்பாடு என்றும் கடைக்காரர் ஒருவர் கூறிய காட்சி நாடெங்கும் பரவியது. அரசு விரைந்து செயற்பட்டது. வழக்குப் பதிந்து தளையிட்டது. கடைக்கு முத்திரை வைத்தது. குற்றம் சாட்டப்பட்டோர் அவ்வூருள் நுழைதற்கு நீதிமன்றம் தடைவிதித்தது.

இந்நிகழ்ச்சியை ஏதோ ஓர் ஊரின் பழியாக எடுத்துரைத்தல் நம் நோக்கம் அன்று. பிறப்பு வேற்றுமையைக் கல்வி அழிக்கும் என்று பாடிய மன்னர் மரபு ஆண்ட கரிவலம்வந்தநல்லூர்ச் சூழலிலேயே இது நிகழ்ந்தது என்பது, நூலறிவுக்கும் ஊர்வழக்கத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகின்றது. ஒரே பந்தியில் உண்ட பிள்ளைகள், பள்ளி வாயிலைக் கடந்து சில அடி நடந்தவுடன் வேறுவேறு பிள்ளைகள் ஆக்கப்பட்டனர். கட்டடமும் உணவும் நூலும் நிறைந்த பள்ளியும் இதனைத் தானே தடுத்துவிட இயலாது.

2023ஆம் ஆண்டில் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சாதிக் காழ்ப்பினால் சக மாணவர்களால் தாக்கப்பட்டதை அடுத்து அமைக்கப்பெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப்பெயர்களை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக்கயிறுகளைத் தடைசெய்தல் முதலிய பரிந்துரைகள் அதில் உள்ளன. நாம் கூறிய இரண்டாம் பட்டியலின் தொடர்ச்சியாகவே இவற்றைக் கொள்ளுதல் வேண்டும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபுகள் மூன்று. ஊரின் கொடை தொடக்கப்பள்ளியை வாழ்வித்தது. ஆனால் கொடை வளத்தைப் பின்பற்றுவது, தேவையைப் பின்பற்றுவது அன்று. பொருட்குறையை நிரப்பும் பட்டியலும், வாராத குழந்தையைத் தேடும் பட்டியலும் வேறுவேறு. பின்னதனை முன்னது நிறைவு செய்யாது. இவ்விரண்டும் ஒன்றாய் இணைந்த இடம் பள்ளிப்பந்தி. அவ்விணைப்பு ஏனைய கூறுகளிலும் அமைதல் வேண்டும்.

எனவே, இன்று ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குத் திட்டம் வகுக்க அமரும் தலைமையாசிரியரும் பெற்றோரும், ஓர் ஏட்டின் இருபுறமும் எழுதுதல் நன்று. ஒருபுறம், பள்ளியில் இல்லாத பொருள்கள். மறுபுறம், பள்ளிக்கு வாராத பிள்ளை, வந்தும் பசித்த பிள்ளை, வந்தும் பின்வரிசையில் ஒதுக்கப்பட்ட பிள்ளை, வீடு திரும்பும் வழியில் அவமதிக்கப்பட்ட பிள்ளை ஆகியோர். முதற்பக்கம் நிரம்பியதைக் கண்டு மகிழ்தல் இயல்பே. மறுபக்கத்தில் எழுதுதற்கு ஒரு பெயரும் இல்லாத நாளே பள்ளி சீர்பெற்ற நாள் எனக் கொள்ளத்தகும். குரத்தியர் கற்பித்த கழுகுமலையையும், பிடியரிசி ஈந்த வட நெல்லையையும் தன்னருகே கொண்ட சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு, அந்நாளை எய்துதற்கான மரபு புதிதாகத் தேடவேண்டுவது அன்று.